செயின் ஸ்ப்ராக்கெட் மாற்றுவது எப்படி: முதல் முறை கை வைப்பவர்களுக்கு

பைக்கின் கிளட்சை விட்டதும் வண்டி ஒரு வெட்டு வெட்டிவிட்டுத்தான் கிளம்புகிறது. மேட்டில் முறுக்கினால் கீழே ‘கடக் கடக்’ என்று சத்தம். போன வாரம்தான் செயினை டைட் வைத்தோம், அதற்குள் மறுபடியும் தொங்குகிறது. இந்த மூன்றில் இரண்டு உங்கள் வண்டியில் இருந்தால் செயின் செட்டின், அதாவது செயினும் அது ஓடும் முன், பின் ஸ்ப்ராக்கெட் என்ற இரண்டு பல் சக்கரங்களும் சேர்ந்த தொகுதியின், காலம் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். இனி டைட் வைத்துப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான்.

இதை வீட்டு வாசலிலேயே செய்யலாம். முதல் முறை என்றால் அரை நாள் ஆகும், பழகிவிட்டால் இரண்டு மணி நேரம் போதும். நம் தெருக்களில் அதிகம் ஓடும் 125 முதல் 160 சிசி வண்டிகளை மனதில் வைத்து எழுதுகிறேன்: 428 அளவு செயின், அதன் இரண்டு முனையையும் இணைக்கும் கிளிப் போட்ட லாக், சென்டர் ஸ்டாண்ட். லாக்கே இல்லாமல் ரிவெட் அடித்த 520 செயின் உள்ள பெரிய வண்டிகளுக்கும் மற்ற வேலைகள் எல்லாம் இதேதான். செயினைப் பிரிக்கவும் சேர்க்கவும் மட்டும் தனிக் கருவி வேண்டும். அந்தக் கருவி கையில் இல்லாவிட்டால் அந்த ஒரு வேலையைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள்.

தேய்ந்துதான் போயிற்றா?

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசிப் பகுதியில், அதாவது டயரின் வால் பக்கத்தில், செயினை விரலால் பிடித்துப் பின்னோக்கி இழுங்கள். நல்ல செயின் பல்லோடு ஒட்டியே நிற்கும். பாதிப் பல் வெளியே தெரிகிற அளவுக்கு எழும்பி வந்தால் போதும், முடிவு தெரிந்துவிட்டது.

அளந்தும் பார்க்கலாம். 428 செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே 12.7 மில்லிமீட்டர். இருபத்தொரு பின்களை எண்ணி, முதல் பின்னின் நடுவிலிருந்து கடைசிப் பின்னின் நடு வரை அளந்தால் 254 மி.மீ. இருக்க வேண்டும். செயினை இழுத்துப் பிடித்தபடி அளந்து 259ஐத் தொட்டுவிட்டால் மாற்ற வேண்டும். 520 செயினில் இதே கணக்கு 317.5, அங்கே 323 வரை வந்தால் மாற்றலாம். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடங்களில் அளந்து, அதிகமாக வருவதைக் கணக்கில் எடுங்கள்.

‘செயின் நீண்டுவிட்டது’ என்று சொல்கிறோமே தவிர, இரும்பு ரப்பர் போல இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின்னும் அதைச் சுற்றிய புஷ்ஷும் உரசித் தேய்கின்றன. ஒரு கண்ணிக்கு கால் மில்லிமீட்டர் தேய்ந்தாலும் நூற்று இருபது கண்ணிகளுக்கு முப்பது மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது. கண்ணிகளின் இடைவெளி கூடியதும் ரோலர்கள் பல்லின் அடியில் உட்காராமல் மேலேறி நிற்கும். சுமை நாலைந்து பற்களின் மேலேயே விழும். பற்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்து கருக்கரிவாள் மாதிரி வளையும்.

செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றையும் சேர்த்து மாற்றச் சொல்வது இதனால்தான். செயின் மட்டும் போனது, ஸ்ப்ராக்கெட் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று புதுச் செயினைப் பழைய பல்லில் மாட்டினால், தேய்ந்த பல்லின் இடைவெளிக்கும் புதுச் செயினின் இடைவெளிக்கும் பொருந்தாது. நானும் ஒருமுறை செயினை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்கப் பார்த்தேன். சில மாதங்களிலேயே புதுச் செயினும் பழைய கதைக்கு வந்துவிட்டது. முன் ஸ்ப்ராக்கெட்டில் பதினான்கு, பதினைந்து பற்கள்தான் இருக்கும். பின்னால் இருப்பது ஒரு சுற்று சுற்றுவதற்குள் அது ஏறக்குறைய மூன்று சுற்று சுற்றிவிடும். அதனால் முதலில் தேய்வதும் அதுதான். ஆனால் அது கவருக்குள் ஒளிந்திருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

எதை வாங்குவது

கடையில் ‘செயின் ஸ்பாக்கெட் செட்’ என்று கேளுங்கள். வண்டியின் பெயர், மாடல் வருடம் இரண்டையும் சொல்லுங்கள். ஒரே பெயரில் வரும் வண்டிக்குக்கூட வருடத்துக்கு வருடம் பல்லும் கண்ணியும் மாறியிருக்கும். போவதற்கு முன் பழைய செயினின் பக்கத் தகட்டில் குத்தியிருக்கும் எண்ணையும், ஸ்ப்ராக்கெட்டுகளில் இருக்கும் பல் எண்ணிக்கையையும் போனில் படம் எடுத்துக்கொண்டால் குழப்பம் வராது. வண்டிக் கம்பெனியின் ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கலாம். இல்லாவிட்டால் கோவை எல்.ஜி. பாலகிருஷ்ணன் நிறுவனத்தின் ரோலான், சென்னை முருகப்பா குழுமத்தின் டிஐடிசி இரண்டில் ஒன்றை வாங்கலாம். இரண்டும் நம் ஊர்ப் பெயர்கள், எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும். சென்னையில் இருப்பவர்களுக்கு ஜி.பி. ரோடு இருக்கவே இருக்கிறது. பெயரைப் பார்த்து வாங்குவதைவிட முக்கியம் சீல் உடையாத பெட்டி, அச்சடித்த விலை, பில். பாதி விலைக்குக் கிடைக்கும் டூப்ளிகேட் செட் சில மாதங்களில் தன்னைக் காட்டிவிடும். சின்ன வண்டிகளுக்கு நல்ல செட் பெரும்பாலும் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

‘பிக்கப் வரும், ஒரு பல் குறைத்துப் போடுங்கள்’ என்று கடையில் யாராவது சொல்வார்கள். வேண்டாம். பின்னால் 42, முன்னால் 15 பல் என்றால் விகிதம் 2.8. முன்னால் 14 போட்டால் அது 3.0 ஆகிவிடும். எடுக்கும்போது துள்ளும், உண்மைதான். ஆனால் நெடுஞ்சாலையில் அதே வேகத்துக்கு என்ஜின் அதிகமாகச் சுழல வேண்டும், பெட்ரோலும் கூடும். அன்றாடம் தெருவில் ஓடும் வண்டிக்கு கம்பெனி வைத்த பல்தான் சரி.

கையோடு இவற்றையும் வாங்கிவிடுங்கள்: பின் ஸ்ப்ராக்கெட்டுக்கான லாக் வாஷர்கள், பின் சக்கரத்தின் ஆக்சிலில் நட் கழலாமல் தடுக்கும் காட்டர் பின் இருந்தால் அதற்குப் புதியது ஒன்று, கூடுதலாக ஒரு செயின் லாக். கருவி என்று பார்த்தால் ரிங் ஸ்பேனர் செட், சாக்கெட் செட், நோஸ் பிளையர், சுத்தியல், மழுங்கிய உளி, கம்பி பிரஷ், கிரீஸ் போதும். எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இரவல் கிடைத்தால் மிகவும் நல்லது.

செயினைக் கழற்றும் முன்பே செய்ய வேண்டியவை

புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் சிக்கிக்கொள்வது இங்கேதான். ஆர்வத்தில் முதலில் செயினைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். அப்புறம் முன் ஸ்ப்ராக்கெட் நட்டைத் திருப்பினால் நட்டோடு சேர்ந்து ஸ்ப்ராக்கெட்டும் சுற்றும். பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது. முரட்டு நட்டுகளை எல்லாம் பழைய செயின் மாட்டியிருக்கும்போதே, சக்கரம் தன் இடத்தில் இருக்கும்போதே ஒரு முறை இளக்கிவிடுங்கள். இந்த வரிசை ஒன்று சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். முழு செயின் கவர் உள்ள வண்டியானால் கவரின் இரண்டு பாதியையும் கழற்றி வைத்துவிடுங்கள். கியர் லீவரைக் கழற்றும் முன், அது தண்டில் உட்கார்ந்திருக்கும் நிலையை மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது லீவர் ஒரு பல் மேலேயோ கீழேயோ போய், கால் எட்டாமல் தவிக்க நேரும். முன் ஸ்ப்ராக்கெட் கவரைத் திறந்ததும் உள்ளே கிரீஸும் மண்ணும் சேர்ந்து களிமண் போல அப்பியிருக்கும். குச்சியால் சுரண்டித் துணியால் துடைத்து எடுங்கள். பக்கத்தில் போகும் ஒயரையும் கிளட்ச் கேபிளையும் இழுத்துவிடாதீர்கள்.

முன் ஸ்ப்ராக்கெட் இரண்டு விதமாகப் பிடித்திருக்கும். பல கம்யூட்டர் வண்டிகளில் இரண்டு சின்ன போல்ட்டும் ஒரு லாக் தகடும்தான். போல்ட்டை எடுத்துவிட்டுத் தகட்டைச் சிறிது திருப்பினால் வெளியே வந்துவிடும். மற்றவற்றில் நடுவில் ஒரு பெரிய நட் இருக்கும், அதன் மேல் வாஷரின் ஓரத்தை மடித்து விட்டிருப்பார்கள். மடிப்பை உளியால் தட்டி நிமிர்த்துங்கள். வண்டியை கியரில் போட்டு, இன்னொருவரைப் பின் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, நீளக் கைப்பிடி போட்ட சாக்கெட்டால் இளக்குங்கள். எந்தப் பக்கம் திருப்புவது என்பதை முதலில் வண்டியின் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். பின் ஸ்ப்ராக்கெட் நட்டுகளின் மடிப்பையும் நிமிர்த்தி, பிரேக்கைப் பிடித்தபடி கால் சுற்று மட்டும் இளக்கி வையுங்கள்.

கழற்றுவது

ஆக்சில் நட்டை இளக்கி, செயினை டைட் வைக்கும் இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் பின்வாங்கிச் சக்கரத்தை முன்னால் தள்ளினால் செயின் நன்றாகத் தொய்ந்துவிடும். சக்கரத்தைச் சுற்றி செயின் லாக்கைத் தேடுங்கள். மற்ற கண்ணிகளிலிருந்து வேறுபட்டு, மேலே மெல்லிய கிளிப்போடு இருக்கும். அதைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் மேல் கொண்டுவந்து நிறுத்தி, நோஸ் பிளையரால் கிளிப்பின் திறந்த முனையையும் பக்கத்துப் பின்னையும் சேர்த்து அழுத்தினால் கிளிப் வழுக்கிக்கொண்டு வரும். தெறிக்கக்கூடும், முகத்தைக் கொஞ்சம் விலக்கியே வைத்துக்கொள்ளுங்கள்.

முழு செயின் கவர் உள்ள வண்டியானால் கவரின் இரண்டு பாதியையும் கழற்றி வைத்துவிடுங்கள். டிரம் பிரேக்கானால் பிரேக் ராடின் நட்டையும் டிரம்மைப் பிடித்திருக்கும் ஆர்ம் போல்ட்டையும் எடுக்க வேண்டும். டிஸ்க் ஆனால் சக்கரம் வெளியே இருக்கும் வரை பிரேக் பெடலை யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மிதித்துவிட்டால் பேட் இரண்டும் நெருங்கி, டிஸ்க் உள்ளே போகாது. ஆக்சிலை உருவும் முன் எந்த ஸ்பேசர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு படம் எடுங்கள். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், நீளம் வேறு.

சக்கரம் கையில் வந்ததும் அவசரப்படாதீர்கள். ஸ்ப்ராக்கெட் தாங்கியைத் தூக்கினால் உள்ளே கப்ளிங் ரப்பர்கள் தெரியும். கிளட்ச் விடும் அதிர்ச்சியைத் தாங்குவது இவைதான். நசுங்கியோ வெடித்தோ இருந்தால் இப்போதே மாற்றுங்கள். வண்டி வெட்டி வெட்டிக் கிளம்பியதற்குப் பாதிக் காரணம் இந்த ரப்பராகவே இருக்கலாம். தாங்கியின் பேரிங்கை விரலால் சுற்றிப் பாருங்கள். நறநறவென்றால் அதுவும் போய்விட்டது. பிரேக் ஷூவையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். எப்படியும் சக்கரத்தைக் கழற்றியாயிற்று, இன்னொரு நாள் இதற்காக மட்டும் கழற்ற வேண்டாமே.

புதியதை மாட்டுவது

பழைய ஸ்ப்ராக்கெட் உட்கார்ந்திருந்த முகத்தைக் கம்பி பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். நடுவில் ஒரு மண்துகள் மாட்டினாலும் ஸ்ப்ராக்கெட் நேராக உட்காராது. புதியதை வைத்து, நட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, புது வாஷரின் ஓரத்தை நட்டின் மேல் மடித்துவிடுங்கள். ஒரு நட்டை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள்.

முன் ஸ்ப்ராக்கெட்டை மாட்டும் முன் தண்டின் அடியில் இருக்கும் ஆயில் சீல் கசிகிறதா என்று பாருங்கள். ஸ்ப்ராக்கெட்டின் ஒரு முகத்தில் மேடு இருந்தால், பழையதில் அது எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் வர வேண்டும். லாக் தகடு வகையில் ஸ்ப்ராக்கெட் தண்டின் மேல் கொஞ்சம் ஆடும். அது அப்படித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். அந்தச் சின்ன போல்ட்டுகளைப் பலம் கொண்ட மட்டும் இறுக்கினால் முறிந்துபோகும். பெரிய நட் வகையானால் இப்போது கையால் மட்டும் இறுக்கி வையுங்கள், செயின் மாட்டிய பிறகு பிரேக் பிடித்து இறுக்கலாம்.

சக்கரத்தை ஏற்றுங்கள். ஆக்சிலில் மெல்லிசாகக் கிரீஸ் தடவினால் அடுத்த முறை சுலபமாக வரும். புதுச் செயினை முன் ஸ்ப்ராக்கெட்டின் மேலாகச் சுற்றி எடுத்து, இரண்டு முனையையும் பின் ஸ்ப்ராக்கெட்டின் பக்கத்துப் பக்கத்துப் பற்களில் உட்கார வையுங்கள். பல்லே இரண்டு முனையையும் பிடித்துக்கொள்ளும், உங்களுக்கு இரண்டு கையும் மிச்சம். லாக்கின் பின்களைச் சக்கரத்தின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக நுழைத்து, மேல் தகட்டைப் போட்டு, கிளிப்பை மாட்டுங்கள். ஓ ரிங் செயினானால் லாக்கோடு நான்கு சின்ன ரப்பர் வளையங்கள் வரும். கிரீஸ் தடவி இரண்டை நுழைக்கும் முன்பும், இரண்டை மேல் தகட்டுக்கு அடியிலும் போட வேண்டும்.

கிளிப்பின் திசையில் தவறவே கூடாது. கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், திறந்த வாய் பின்னால் இருக்க வேண்டும். செயினின் மேல் ஓட்டத்தில் லாக் இருந்தால் மூடிய முனை என்ஜினைப் பார்க்கும். அதே லாக் கீழ் ஓட்டத்துக்கு வந்ததும் பின் சக்கரத்தைப் பார்க்கும். அதனால் மேல் ஓட்டத்தில் வைத்தே சரிபாருங்கள். திருப்பிப் போட்டால் எதிரில் வரும் கல்லோ குச்சியோ திறந்த வாயில் இடித்துக் கிளிப்பைக் கழற்றிவிடும். மதுராந்தகத்தைத் தாண்டி எனக்கு ஒருமுறை இப்படித்தான் ஆயிற்று. முந்தின வாரம் ஒரு பட்டறையில் மாற்றிய செயின். ‘சரக்’ என்று ஒரு சத்தம், என்ஜின் அலறியது, சக்கரத்துக்கு இழுவையே இல்லை. நல்லவேளை, செயின் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளாமல் ரோட்டில் விழுந்தது. சுற்றியிருந்தால் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டிருக்கும். பட்டறையில் மாட்டிக் கொடுத்தாலும் அன்றிலிருந்து குனிந்து கிளிப்பைப் பார்க்காமல் நான் வண்டியை எடுப்பதில்லை.

தொய்வும் நேர்க்கோடும்

பின் சக்கரத்தைத் தாங்கி ஏறி இறங்கும் ஸ்விங் ஆர்மிலோ செயின் கார்டிலோ எவ்வளவு தொய்வு வேண்டும் என்று ஒட்டியிருப்பார்கள், மேனுவலிலும் இருக்கும். இந்த வகை வண்டிகளில் கீழ் ஓட்டத்தின் நடுவில் விரலால் ஏற்றி இறக்கினால் மொத்தம் 25 முதல் 30 மி.மீ. வரை என்பது பரவலான அளவு. உங்கள் வண்டிக்குச் சொன்னதையே பின்பற்றுங்கள். சக்கரத்தைச் சுற்றி, எந்த இடத்தில் செயின் மிக இறுக்கமாக வருகிறதோ அந்த இடத்தில் அளக்க வேண்டும்.

தொய்வே இல்லாமல் ‘கிண்’ என்று இருந்தால்தான் நல்லது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஸ்விங் ஆர்ம் அசையும் மையம் வேறு, முன் ஸ்ப்ராக்கெட்டின் மையம் வேறு. வண்டியில் ஆள் ஏறி ஷாக் இறங்க இறங்க, முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் மையம், ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும். அப்போது செயினுக்கு அதிக நீளம் தேவைப்படும். அந்த நீளத்தைத்தான் தொய்வாக விட்டு வைக்கிறோம். பின்னால் ஒருவரும் முன்னால் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையும் ஏறும் வண்டியில் செயினை முறுக்கி வைத்தால், ஒவ்வொரு வேகத்தடையிலும் அந்த இழுப்பு கியர் பாக்ஸ் பேரிங்குக்குப் போகும். கொஞ்சம் லூஸாக இருந்தால் சத்தத்தோடு போய்விடும். டைட்டாக இருந்தால் செலவு என்ஜின் வரைக்கும் போகும்.

இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே அளவு திருப்புங்கள். ஸ்விங் ஆர்மில் இருக்கும் கோடுகளை மட்டும் நம்பாமல், ஸ்விங் ஆர்ம் போல்ட்டின் நடுவிலிருந்து ஆக்சிலின் நடு வரை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்து பாருங்கள். பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் செயின் ஸ்ப்ராக்கெட்டின் நடுவே நேர்க்கோடாக ஓடுவது தெரியும். ஆக்சில் நட்டை இறுக்கும்போது சக்கரம் சற்றுப் பின்னால் நகர்ந்து தொய்வு மாறுவது வழக்கம். மடித்த துணியைச் செயினுக்கும் பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில் வைத்துச் சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சிறிது சுற்றி, இறுக்கமாக நிற்கும்போது நட்டை இறுக்கினால் சக்கரம் அட்ஜஸ்டரோடு ஒட்டி நிற்கும். துணியை எடுத்துவிட்டுத் தொய்வை மறுபடி அளந்து, காட்டர் பின்னைப் போடுங்கள். அப்புறம் முன் நட், லாக் வாஷர் மடிப்பு, கவர், கோட்டுக்கு நேராக கியர் லீவர். டிரம் பிரேக்கின் ராடை அட்ஜஸ்ட் செய்து, பெடலை நாலைந்து முறை மிதித்து, பிரேக் பிடிக்கிறது என்று உறுதியான பிறகுதான் வண்டியைத் தெருவில் இறக்க வேண்டும்.

மாட்டிய பிறகு

முதல் முந்நூறு கிலோமீட்டருக்குள் புதுச் செயின் கொஞ்சம் இளகும். அப்போது ஒருமுறை தொய்வைப் பாருங்கள், பின் ஸ்ப்ராக்கெட் நட்டுகளையும் தொட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை துடைத்து ஆயில் விட்டால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டினாலும், கடலோரச் சாலையில் மணலிலும் உப்புக்காற்றிலும் ஓட்டினாலும் அவ்வளவு நாள் காத்திருக்காதீர்கள். வண்டி ஓடி வந்த சூட்டோடு, இரவில், கீழ் ஓட்டத்தின் உள்பக்கத்தில் செயின் ஸ்பிரேயோ 90 நம்பர் கியர் ஆயிலோ விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். காலைக்குள் உள்ளே இறங்கிவிடும். ஓ ரிங் செயினைப் பெட்ரோல் ஊற்றிக் கழுவக் கூடாது, ரப்பர் கெட்டுவிடும். மண்ணெண்ணெய் தொட்ட துணி போதும்.

எதைச் செய்தாலும் என்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றும் செயினைத் துணியால் துடைக்காதீர்கள். துணி சிக்கினால் விரலும் கூடவே போகும், கையை இழுத்துக்கொள்ள நேரமே இருக்காது. நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வேடிக்கை பார்க்க வந்தால் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

மாற்றிய தேதியையும் மீட்டரில் இருந்த கிலோமீட்டரையும் சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் குறித்து வையுங்கள். கூடுதலாக வாங்கிய செயின் லாக்கை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, நோஸ் பிளையரோடு சேர்த்துச் சீட்டுக்கு அடியில் வைத்துவிடுங்கள்.